தாத்தா கையில் இருந்த நாலு தழும்பு

போன மாதம் எங்கள் கடையில் டைபாய்டு ஊசி போடும் படலம் நடந்தது. மலேசியாவில் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். சட்டியைத் தொடுகிறவர், தட்டு எடுக்கிறவர், தண்ணி கலக்குகிறவர் என்று எல்லோரிடமும் டைபாய்டு தடுப்பூசி போட்ட சீட்டு இருக்க வேண்டும். மூன்று வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். எந்தக் கடை, எந்தத் தெரு என்று கேட்காதீர்கள். அகதி அட்டை வைத்திருப்பவன் எல்லாவற்றையும் எழுத முடியாது.

எங்களோடு ராமநாதபுரத்துத் தம்பி ஒருவன் வேலை செய்கிறான். இருபத்திரண்டு வயது. அவன் மட்டும் வரமாட்டேன் என்று அடம் பிடித்தான்.

"அண்ணே, எங்கம்மா வேணாம்னு சொல்லிருச்சுண்ணே. ஊசி போட்டா பின்னால புள்ள பொறக்காதுன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சாம்."

முதலாளி கோபக்காரர். "போடலன்னா நாளையிலருந்து வராதே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். தம்பி முகம் தொங்கிப் போய்விட்டது. ராத்திரி கடை அடைத்த பிறகு, பின்பக்கம் சட்டி கழுவும் இடத்தில் அவனை உட்கார வைத்து என் தாத்தா கதையைச் சொன்னேன். அதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன். தாத்தா கதையோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அப்பா கதையையும் சொல்ல வேண்டி வந்துவிட்டது.

நான் ரங்கூனில் பிறந்தவன். இப்போது யாங்கோன் என்கிறார்கள், ஆனால் எங்கள் வீட்டுத் தமிழில் அது எப்போதும் ரங்கூன்தான். தாத்தா சிவகங்கைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து 1929-ல் மேஸ்திரி கொடுத்த முன்பணத்தை வாங்கிக்கொண்டு, மதராஸில் கப்பல் ஏறி வந்தவர். அப்போது அவருக்குப் பதினாறு வயது. டெக்கில் மூட்டையோடு மூட்டையாகப் படுத்து வந்த கதையை நூறு தடவை சொல்லியிருக்கிறார்.

அந்தக் காலத்து ரங்கூனை இன்று கற்பனை செய்வது கஷ்டம். 1931-ம் வருடக் கணக்கெடுப்பின்படி நகரத்தில் சுமார் நாலு லட்சம் பேர். அதில் பாதிக்கு மேல் இந்தியர்கள். தமிழர், தெலுங்கர், ஒரியர், வங்காளி, சிட்டகாங்காரர் எல்லோரும் இருந்தார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கியது, அரிசி ஆலையில் வேலை செய்தது, ரிக்‌ஷா இழுத்தது, சாக்கடை அள்ளியது எல்லாம் பெரும்பாலும் கடல் தாண்டி வந்தவர்கள்தான். ஒரே அறையில் இருபது, முப்பது பேர் மாற்றி மாற்றிப் படுப்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஒருவனுக்கு வைசூரி வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அரசாங்க அறிக்கைகள் திரும்பத் திரும்ப ஒன்றையே எழுதின: அம்மையைக் கொண்டு வருவது இந்தியக் கூலிகள். அதில் கொஞ்சம் உண்மை இருந்தது, நிறைய வெறுப்பும் இருந்தது. கூலியை அப்படி அடைத்து வைத்தது யார் என்று அந்த அறிக்கை எழுதியவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை. அதனால் வேலைக்கு வரும் கூலிகளுக்கு அம்மை குத்துவது கட்டாயம் ஆனது. யாரும் விளக்கம் சொல்லவில்லை, சம்மதம் கேட்கவில்லை.

தாத்தா சொல்வார்: "மாட்டுக்குச் சூடு வெக்கிற மாதிரி வரிசையில நிறுத்துனான். சட்டையக் கழட்டுன்னான். ஒரு சின்ன உருளை மாதிரி இருந்துச்சு, பல்லு பல்லா. கையில வெச்சுத் திருகினான். நாலு எடத்துல. எரிச்சல்னா அப்படியொரு எரிச்சல்."

கூட வந்தவர்களில் பலர் மறைவான இடமாகப் பார்த்துப் போய், அந்த மருந்தைத் துணியால் துடைத்துவிட்டார்களாம். தாத்தாவும் துடைக்கத்தான் நினைத்தார். அவருடைய துணி மூட்டை மேஸ்திரியிடம் மாட்டிக்கொண்டது! துடைக்கத் துணி இல்லாததால் மருந்து கையிலேயே காய்ந்தது. இரண்டு வருடம் கழித்து அவர் இருந்த கூலி லயத்தில் அம்மை வந்தது. துடைத்தவர்களில் இரண்டு பேருக்கு வந்து, ஒருவர் செத்துப் போனார். தாத்தா அவருக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. சாகும் வரை அந்த நாலு தழும்பையும் காட்டி, "மேஸ்திரி மூட்டையப் புடுங்குனதாலதான்டா நீயெல்லாம் பொறந்த" என்பார்.

சின்ன வயதில் இது எனக்குச் சிரிப்புக் கதை. இப்போது யோசித்தால் இதில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, அந்த மருந்து உண்மையிலேயே காப்பாற்றியது. இன்னொன்று, துடைத்துப் போட்டவர்கள் முட்டாள்கள் இல்லை. தன்னை மாடு மாதிரி நடத்துகிறவன் கொடுக்கும் மருந்தை எந்த மனுஷன் நம்புவான்?

அம்மை குத்தும் வரலாறு முழுக்க இந்த இரண்டும் சேர்ந்தே வருகிறது. இங்கிலாந்தில் எட்வர்ட் ஜென்னர் 1796-ல் மாட்டம்மைக் கொப்புளத்து நீரை ஒரு சிறுவனுக்குக் குத்தி, அது பெரியம்மையைத் தடுக்கிறது என்று காட்டினார். ஆறு வருடத்தில், 1802 ஜூனில், அது பம்பாய்க்கு வந்துவிட்டது. முதலில் போட்டுக்கொண்டது மூன்று வயதுப் பெண் குழந்தை. அப்போது ஐஸ் பெட்டியும் கிடையாது, குப்பியும் கிடையாது. ஒரு குழந்தையின் கையில் எழும்பும் கொப்புளத்திலிருந்து நீரை எடுத்து அடுத்த குழந்தைக்கு வைப்பார்கள். அங்கிருந்து இன்னொரு குழந்தைக்கு. இப்படிக் கை மாற்றிக் கை மாற்றித்தான் மருந்து ஊர் ஊராகப் போனது.

நம் ஊரில் இதற்கு என்ன எதிர்ப்பு வந்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம். எந்தச் சாதிக் குழந்தையின் கையிலிருந்து எடுத்த நீர் என்ற கேள்வி வந்தது. அதைவிடப் பெரியது, அம்மை என்பது நமக்கு நோயே இல்லை. ஆத்தா வந்திருக்கிறாள். முத்துப் போட்டிருக்கிறாள். வேப்பிலை கட்டி, வீட்டில் தாளிக்காமல், வெளியார் வராமல் பார்த்து, மூன்று தண்ணீர் ஊற்றி அவளை மரியாதையாக வழியனுப்ப வேண்டும். (வெளியார் வராமல் பார்த்ததில் ஒரு நல்ல விஷயமும் இருந்தது, நோய் பரவுவது கொஞ்சம் குறையும்.) வந்திருக்கும் தாயைத் தடுக்க வெள்ளைக்காரன் மாட்டுச் சீழைக் கொண்டு வந்தால் யார் கையை நீட்டுவார்கள்?

இதைப் புரிந்துகொண்ட வெள்ளைக்காரர்களில் ஒருவர் எல்லீஸ் துரை. சென்னையில் கலெக்டராக இருந்து, திருக்குறளுக்கு உரை எழுதத் தொடங்கி, 1819-ல் இறந்தாரே, அவர்தான். மாட்டம்மைக் குத்துக்கு மக்களைச் சம்மதிக்க வைக்க, இது அம்மனே பசுவின் வழியாகத் தந்த வரம் என்று சொல்கிற மாதிரி ஒரு கதையைத் தமிழில் எழுதினார். ஏமாற்று வேலை என்றும் சொல்லலாம். ஆனால் வரிசையில் நிறுத்திச் சட்டையைக் கழற்று என்று சொன்னதைவிட எல்லீஸ் துரையின் வழி எனக்கு மேலாகத் தெரிகிறது. அவராவது நம் மொழியில் பேசிப் பார்த்தார்.

சென்னைக்கும் ரங்கூனுக்கும் இந்த விஷயத்தில் இன்னொரு பாலம் உண்டு. கிண்டியில் கிங் இன்ஸ்டிட்யூட் என்று ஒரு நிறுவனம் இருக்கிறதே, அது 1899-ல் அம்மைப் பால் தயாரிக்கத் தொடங்கப்பட்டது. சென்னை மாகாணத்தின் சுகாதார அதிகாரியாக இருந்த கர்னல் கிங் என்பவரின் பெயர் அதற்கு. வெயிலில் அம்மைப் பால் செத்துப் போகிறது என்பதுதான் அந்தக் காலத்துப் பெரிய தலைவலி. ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் லானோலின் கொழுப்பில் அதைக் குழைத்து வைத்தால் கூட நாள் தாங்கும் என்று வேலை செய்தவர் அவர். அதே கிங் பிறகு பர்மாவுக்கு ஆஸ்பத்திரிகளின் தலைமை அதிகாரியாக வந்தார். மெய்க்திலாவில் கன்றுக்குட்டிகளை வைத்து அம்மைப் பால் எடுக்கும் நிலையமும் நடந்தது.

பர்மாக்காரர்களும் சுலபத்தில் கை நீட்டவில்லை. அவர்களிடம் பழைய முறை ஒன்று இருந்தது. உண்மையான அம்மைச் சீழையே கொஞ்சமாக எடுத்துக் குத்துவார்கள். லேசாக வந்து போய்விடும், பிறகு ஆயுசுக்கும் வராது. ஆனால் குத்திக்கொண்டவரிடமிருந்து அடுத்தவருக்கு நிஜமான அம்மை பரவும். வெள்ளைக்காரன் மருந்து பல சமயம் வெயிலில் கெட்டுப் போய் பலிக்காது, ஊர் வைத்தியர் மருந்து கண் முன்னால் பலிக்கும். மக்கள் எதை நம்புவார்கள்? பர்மிய மொழியில் பெரியம்மைக்கும் கல்லுக்கும் ஒரே சொல், 'சவுக்'. அம்மை குத்துவது 'சவுக் தோ'. எங்கள் அப்பத்தா கடைசி வரை எந்த ஊசியையும் 'சவுக்கு குத்துறது' என்றுதான் சொல்லும். அதன் முகமெல்லாம் அம்மைத் தழும்பு. அதன் தம்பிக்கு அதே அம்மையில் ஒரு கண் போயிற்று.

1905-ல் ரங்கூன் துறைமுகம் வழியாகப் பிளேக் வந்தது. அதற்கும் அப்போது தடுப்பு மருந்து இருந்தது. ஒடெஸாவில் பிறந்த யூதரான வால்டெமார் ஹாஃப்கின் பம்பாயில் கண்டுபிடித்து, 1897 ஜனவரியில் முதலில் தனக்கே குத்திக்கொண்டார். ஆனால் 1902-ல் பஞ்சாபில் முல்கோவால் என்ற கிராமத்தில் அந்த ஊசி போட்டுக்கொண்டவர்களில் 19 பேர் ரண ஜன்னி வந்து செத்தார்கள். எல்லோரும் ஒரே குப்பியிலிருந்து போட்டுக்கொண்டவர்கள். பழி முழுக்க ஹாஃப்கின் தலையில் விழுந்தது, வேலை போயிற்று. தப்பு மருந்தில் இல்லை, ஊரில் குப்பியைத் திறந்தபோது சுத்தம் பார்க்காததுதான் காரணம் என்று நிரூபித்து அவர் பெயரை மீட்க 1907 வரை ஆனது. அதற்குள் பயம் ஊரெல்லாம் பரவிவிட்டது. வாட்ஸ்அப் இல்லாத காலத்திலும் வதந்தி கப்பல் ஏறிப் போகும். ரங்கூனில் அதன் பிறகு வருடா வருடம் பிளேக் வந்துகொண்டே இருந்தது.

இதை நான் மறைக்க விரும்பவில்லை. ஊசியால் ஒருவருக்கும் ஒரு போதும் ஒன்றும் ஆனதில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் 19 பேர் செத்த ஒரு குப்பியை நூறு வருடம் ஞாபகம் வைத்திருக்கிறோம். பிளேக்கில் இந்தியாவில் செத்தவர்கள் ஒரு கோடிக்கு மேல். அவர்களில் ஒருவர் பெயர்கூட நமக்குத் தெரியாது.

எங்கள் குடும்பத்துக்கு வருகிறேன். 1942-ல் ஜப்பான்காரன் வந்தபோது லட்சக்கணக்கானவர்கள் இந்தியாவுக்கு நடந்தார்கள். வழியில் காலராவில் செத்தவர்கள் ஏராளம். தாத்தா நடக்கவில்லை. 1960-களில் கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டு நம்மவர்கள் கப்பல் கப்பலாகத் திரும்பியபோதும் அவர் போகவில்லை. அப்படித்தான் நான் ரங்கூன்காரன் ஆனேன்.

பர்மாவில் குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டம் தொடங்கியது 1978-ல். நான் பிறந்ததும் அதே வருடம். என் கையில் தாத்தா மாதிரி நாலு தழும்பு இல்லை, காசநோய் ஊசியின் ஒரு தழும்பு மட்டும்தான். ஏனென்றால் பெரியம்மை அதற்குள் ஒழிந்துவிட்டது. 1975 அக்டோபரில் வங்கதேசத்தில் ஒரு சிறு குழந்தையோடு ஆசியா முழுக்க முடிந்தது. 1977 அக்டோபரில் சோமாலியாவில் ஒரு சமையற்காரரோடு, இயற்கையாகப் பரவுவது உலகம் முழுக்கவே முடிந்தது. (சமையற்காரர் என்று படித்தபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவர் ஆஸ்பத்திரியில் வேலை செய்தவர், பிழைத்துக்கொண்டார்.) 1980 மே மாதம் உலக சுகாதார சபை அறிவித்தது. வந்தவர்களில் பத்துக்கு மூன்று பேரைக் கொன்ற நோய். ஒருவரும் பயப்படாத கதையாக ஆகிவிட்டது. இப்போது அம்மா அப்பாக்கள் ஊசியைப் பார்த்துப் பயப்படுகிறார்கள் என்றால், அவர்கள் நோயைப் பார்த்ததே இல்லை என்பதுதான் காரணம். அப்பத்தா முகத்தைப் பார்த்திருந்தால் பயம் வேறு பக்கம் திரும்பியிருக்கும்.

1996-ல் நான் ரங்கூன் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படிக்கச் சேர்ந்தேன். அந்த டிசம்பரில் மாணவர் போராட்டம், உடனே பல்கலைக்கழகங்களை மூடினார்கள். திரும்பத் திறக்க 2000 ஆகிவிட்டது. அதற்குள் நான் டீக்கடையில் வேலைக்குப் போய், பிறகு டான்பவுக் கடையில் சேர்ந்து, பிரியாணிச் சட்டிதான் என் பட்டம் என்று ஆகிவிட்டது. ஆனால் படிக்கும் பழக்கம் போகவில்லை. அதனால்தான் இதெல்லாம் எழுதுகிறேன்.

இராணுவம் எத்தனையோ செய்தது. ஆனாலும் தடுப்பூசித் திட்டம் மெல்ல மெல்ல வளர்ந்தது. 2012-ல் ஐந்து நோய்க்கு ஒரே ஊசி வந்தது. 2014 மார்ச்சில் இந்தியா, இலங்கை, பர்மா உட்பட தென்கிழக்கு ஆசிய வட்டாரம் முழுக்க இளம்பிள்ளை வாதம் ஒழிந்தது என்று சான்று கொடுத்தார்கள். 2019-ல் நூறு குழந்தைகளில் சுமார் தொண்ணூறு குழந்தைக்கு முக்கியமான ஊசிகள் போய்ச் சேர்ந்தன. போய்ச் சேராத இடத்தில் என்ன ஆகும் என்பதையும் பார்த்தோம். 2016-ல் நாகா மலைப் பகுதியில் குழந்தைகள் வரிசையாகச் செத்தார்கள். முதலில் மர்ம நோய் என்றார்கள். கடைசியில் பார்த்தால் தட்டம்மை. ரோடு இல்லாத ஊர்களில் ஊசியையே பார்க்காத பிள்ளைகள்.

இனி வருவது 2021.

அந்த ஜனவரி 22-ம் தேதி இந்தியா அன்பளிப்பாக அனுப்பிய 15 லட்சம் கோவிஷீல்டு மருந்து ரங்கூன் விமான நிலையத்தில் வந்து இறங்கியது. 27-ம் தேதி டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் போட ஆரம்பித்தார்கள். ஐந்தே நாளில், பிப்ரவரி 1, இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. முதலில் வேலையை விட்டு வெளியே வந்தவர்கள் ஆஸ்பத்திரிக்காரர்கள்தான். நானும் தெருவில் இறங்கிச் சட்டி தட்டினேன். (அதற்கு மட்டும் என் தொழில் உதவியது.) ஊசி போடுகிற நர்ஸ்களே வேலைநிறுத்தத்தில். தடுப்பூசித் திட்டத்தை நடத்திய டாக்டர் தார் தார் லின் அந்த ஜூன் மாதம் ரங்கூனில் கைது செய்யப்பட்டார். தொண்ணூறில் இருந்த குழந்தைகள் கணக்கு அந்த ஒரே வருடத்தில் பாதிக்கும் கீழே விழுந்தது.

எங்கள் வார்டில் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு ஊசி போடப் பேர் எழுதிக்கொண்டு போனார்கள். அப்பாவுக்கு 71. அவர் பேரைக் கொடுக்கலாம் என்றார். நான்தான் தடுத்தேன்.

"அவங்க கையால வர்ற ஊசி நமக்கு வேணாம்ப்பா. சுட்டுக்கொல்றவன் உயிரக் காப்பாத்தப் போறானா?"

அப்பா என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். "மருந்து இந்தியாவுலருந்து தானடா வந்துச்சு" என்றார். பிறகு நான் வருத்தப்படுவேன் என்று பேரைக் கொடுக்கவில்லை. எங்கள் தெருவில் நிறையப் பேர் அப்படித்தான் இருந்தார்கள். ஒரு ஊசி போட்டுக்கொண்ட ஆஸ்பத்திரிக்காரர்களில்கூடச் சிலர் எதிர்ப்பைக் காட்ட இரண்டாவது ஊசியை மறுத்தார்கள்.

ஜூலையில் டெல்டா வந்தது. ரங்கூனில் இருந்தவர்களுக்கு அந்த மாதத்தை விளக்க வேண்டியதில்லை. ஆக்சிஜன் கம்பெனி வாசலில் காலி சிலிண்டரோடு மைல் கணக்கில் வரிசை. வீடுகளில் வெள்ளைத் துணியும் மஞ்சள் துணியும் தொங்கும், உதவி வேண்டும் என்பதற்கு அடையாளம். நான் எட்டு மணி நேரம் நின்று ஒரு சிலிண்டர் கொண்டு வந்தேன். அது ஒரு ராத்திரிக்குத்தான் போதுமாக இருந்தது. இரண்டாவது சிலிண்டருக்கு வரிசையில் நின்றபோது தங்கச்சி போன் செய்தது. யேவே சுடுகாட்டிலும் வரிசை. காரியம் செய்ய ஐயர் வரவில்லை, நானே எனக்குத் தெரிந்த தேவாரத்தை முணுமுணுத்தேன். அரசாங்கக் கணக்கில் அந்த நோயில் நாடு முழுக்கச் செத்தவர்கள் பத்தொன்பதாயிரத்துச் சொச்சம். ரங்கூனில் யாரும் அந்தக் கணக்கை நம்பியதில்லை.

ஊசி போட்டிருந்தால் அப்பா நிச்சயம் பிழைத்திருப்பார் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த மருந்து டெல்டாவில் சாவைப் பெருமளவு தடுத்தது என்பது உலகம் முழுக்க நிரூபணமான விஷயம். தாத்தாவோடு வந்தவர்கள் துடைத்துப் போட்டது வெள்ளைக்காரன் மேல் இருந்த கோபம். அதே கோபத்தில் நான் அப்பா கையிலிருந்து துடைத்துப் போட்டேன். என் கோபம் நியாயமானது. இன்றைக்கும் அதில் ஒரு குண்டுமணி அளவும் குறையவில்லை. ஆனால் அந்தக் கோபத்துக்கு விலை கொடுத்தது நான் இல்லை, அவர்.

அந்த வருடக் கடைசியில் நான் எல்லை தாண்டினேன். அது வேறு கதை.

தங்கச்சிக்கு 2021 ஏப்ரலில் பெண் குழந்தை பிறந்தது. அதற்கும் ஒரு ஊசியும் போடவில்லை. முதலில் போட ஆள் இல்லை. பிறகு ஆள் வந்தபோது தங்கச்சி போகவில்லை. "நீங்கதானே அண்ணே சொன்னீங்க, அவங்க கையால வேணாம்னு" என்றது. என் வார்த்தையே எனக்குத் திரும்பி வந்தது. நான் போனில் மூன்று வருடம் கெஞ்சினேன். கடைசியில் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குத் தட்டம்மை வந்து மூச்சு வாங்கியதைப் பார்த்த பிறகுதான் அது பயந்து, பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அரசாங்க கிளினிக்குக்குப் போயிற்று. அங்கே இருந்தது ஒரு சின்னப் பெண், நர்ஸ். ராத்திரி தூங்காத கண். பாப்பாவிடம், "பயப்படாதே, எறும்பு கடிக்கிற மாதிரிதான்" என்று சொல்லிப் போட்டதாம். தங்கச்சி அதைச் சொல்லிவிட்டு, "அவ கையில என்ன தப்புண்ணே இருக்கு?" என்று கேட்டது. என்னால் பதில் பேச முடியவில்லை.

இதைப் படிக்கிற ஈழத்து நண்பர்களுக்கு இன்னொன்றும் ஞாபகம் இருக்கும். யுத்தம் உச்சத்தில் இருந்த 1990-களில், போலியோ சொட்டு மருந்து நாட்களில் இரண்டு தரப்பும் துப்பாக்கியைக் கீழே வைத்தார்கள். 1995-லிருந்து அப்படி நாட்கள் குறித்துக் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். இலங்கையில் கடைசி போலியோ நோயாளி 1993-ல். அந்த அம்மாமார் அரசாங்கத்தை நம்பியா வாயைத் திறக்க வைத்தார்கள்? இல்லை. சொட்டு வேறு, அரசாங்கம் வேறு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பர்மா எல்லையிலும் அப்படி உண்டு. தாய்லாந்துப் பக்கம் மே சோட்டில் டாக்டர் சிந்தியா மவுங் 1989-ல் தொடங்கிய மே தாவ் கிளினிக், அகதிக் குழந்தைகளுக்கு ஊசி போட்டு வருகிறது. நம்பிக்கையான கை கிடைத்தால் அங்கே போங்கள். கிடைக்காவிட்டால் கிடைத்த கையிடம் போங்கள். காத்திருந்து பார்க்க நோய் விடாது.

ஏனென்றால் தட்டம்மை மாதிரி நோய் ஒருவரிடமிருந்து பன்னிரண்டு, பதினெட்டுப் பேருக்குத் தாவும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் போட்டிருந்தால்தான் அது நிற்கும். கைக்குழந்தை, புற்றுநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர் என்று போட முடியாதவர்களுக்கு மற்றவர்கள் போட்டுக்கொள்வதுதான் வேலி. நாங்கள் இருக்கும் மலேசியாவிலேயே 2016-ல் கெடாவில் ஊசி போடாத பிள்ளைகள் தொண்டை அடைப்பானில் செத்தார்கள். 27 வருடம் இல்லாமல் இருந்த போலியோ 2019-ல் சபாவில் திரும்ப வந்தது.

ஊசி குழந்தைகளுக்கு மட்டும் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சமையல்கட்டில் கத்தியும் துரு பிடித்த தகரமும் நமக்குத் தினசரி. ரண ஜன்னி மண்ணிலிருந்து வருகிறது, ஊரில் எத்தனை பேர் போட்டிருந்தாலும் உங்களைக் காப்பாற்றாது. நீங்களே பத்து வருடத்துக்கு ஒரு தடவை போட்டுக்கொள்ள வேண்டும். கர்ப்பிணிகள் போட்டுக்கொண்டால் பிறக்கிற குழந்தைக்கும் காப்பு. மஞ்சள் காமாலை பி, வயதானவர்களுக்கு ஃப்ளூ, நிமோனியா, பெண் பிள்ளைகளுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான ஊசி எல்லாம் இருக்கின்றன. நாடு விட்டு நாடு வந்தவர்களின் ஊசிச் சீட்டு பெரும்பாலும் தொலைந்திருக்கும். சீட்டு இல்லையென்றால் மறுபடி போடுவதில் தப்பில்லை. டாக்டரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள்.

தம்பி கதை என்ன ஆனது என்று கேட்பீர்கள். அன்று ராத்திரி அவன் ஒன்றும் பேசவில்லை. சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டான். மறுநாள் காலை அம்மாவுக்கு வீடியோவில் கூப்பிட்டு என்னிடம் போனைக் கொடுத்தான். "அண்ணே, நீங்களே சொல்லுங்க, உங்கப்பா கதைய." நான் சொன்னேன். அந்த அம்மா அழுதது. பிறகு, "சரிப்பா, நீ கூடவே போயிட்டு வா" என்றது.

நானும் கூடப் போனேன். எனக்கும் மூன்று வருடம் முடிந்திருந்தது. ஊசி போட்ட இடத்தைத் தடவிக்கொண்டே, "உங்க தாத்தா மாதிரி தழும்பு வருமாண்ணே?" என்று கேட்டான்.

வராது தம்பி, இதுக்கெல்லாம் தழும்பு வராது என்றேன். இரண்டு பேரும் மத்தியான வேலைக்குத் திரும்பி வந்துவிட்டோம்.